ஹைஃபாவின் படிகளில் மக்டலீன் அக்கா

இந்த மாலைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஸ்ரனிஸ்லாஸ் ஐயா அவர்களே, ஆறுதல் சொல்ல வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, தாயை இழந்து நிற்கும் மகள் எமிலியா, மருமகன் மார்க்கஸ், பேத்தி சோஃபி, லோறென்ஸ்கூக்கிலிருந்தும் வெஸ்ட்லியிலிருந்தும் ஈரப்பனியில் நனைந்து இந்த மோர்டென்ஸ்ருட் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் அன்பு உறவுகளே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் இந்திராதேவி. திருகோணமலை என் ஊர். லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நான் சிவன் கோயிலுக்குப் போகிறவள், அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் அவரைப் பற்றிப் பேச என்னைத்தான் எமிலியா கூப்பிட்டாள். ஏன் தெரியுமா? அவருடைய கதையை முழுதாகக் கேட்ட ஒருத்தி நான்.

மக்டலீன் அக்கா போய்விட்டார்! இதைச் சொல்லும்போதே எனக்கு நித்திரையில் பேசுவது போல இருக்கிறது. போன கிழமை யன்னலோரம் இருந்து தேநீர் குடித்தார். எமிலியா சமையலறையிலிருந்து என்னவோ கேட்டாள். பதில் வரவில்லை. அம்மா கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, போர்வையைக் கொண்டுவந்து மடியில் போர்த்தியும் விட்டாள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இப்படியும் ஒருவர் போகலாமா? யாருக்கும் ஒரு கரைச்சலும் கொடுக்காமல், கதவைக்கூடச் சாத்தாமல் போகலாமா?

அவர் ஒஸ்லோவுக்கு வந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. அந்தக் கொஞ்ச நாளில் எத்தனை பேர் வீட்டு மணியை அடித்திருக்கிறார்! எத்தனை பேருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோயிருக்கிறார்! நானும் அவரும் மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறி, நகரத்தின் நடுவில் மாறி, வெஸ்ட்லி வரை போவோம். நகரத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல். எனக்குக் கார் இருக்கிறது. ஆனாலும் ரயிலில்தான் போவேன், அவர் கதை சொல்வார் என்பதற்காக. சுரங்கத்துக்குள் போகும்போது கண்ணை மூடிக்கொள்வார். வெளியே வந்து பனி வெளிச்சம் முகத்தில் விழும்போதும் திறக்கமாட்டார். மூடிய கண்ணோடே சொல்லிக்கொண்டு வருவார். அவர் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் யூதர்களும் அரபுக்காரரும்தான். ஆனால் எல்லோரும் மன்னார்த் தமிழ்தான் பேசுவார்கள்! சிரிக்காதீர்கள், கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அது கொஞ்சமும் பிழையாகத் தெரிந்ததில்லை.

மன்னாரில் பேசாலையில் பிறந்தவர் அக்கா. கணவரை நோய் கொண்டுபோனது. ஒரே மகள் எமிலியா கலியாணம் முடித்து நோர்வேக்கு வந்தாள். தனித்துப்போன அக்கா, முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்காக இஸ்ரேலுக்குப் போனார். ஹைஃபா என்று ஒரு துறைமுகப் பட்டினம். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், கீழே கடல். அந்தச் சரிவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிடியோன் என்ற முதியவர் இருந்தார். துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டிப் படகு ஓட்டியவர். கை நடுக்க நோய் வந்து, நடையும் போய், பேச்சும் பாதி போயிருந்தது. அக்கா அவரைக் கப்பல் தலைவர் என்ற கருத்தில் கப்பித்தான் என்று கூப்பிடுவார். அந்தச் சொல் அவருக்கும் விளங்கியது. காலையில் இருவரும் பல்கனியில் இருந்து கப்பல் பார்ப்பார்களாம். வெயில் ஏற ஏற, கடல் எது வானம் எது என்று தெரியாமல் போகுமாம். "அப்ப கப்பலெல்லாம் ஆகாயத்திலை மிதக்கிற மாதிரி இருக்கும் இந்திரா. கப்பித்தான் ஒண்டும் கதைக்கமாட்டார். நானும் கதைக்கமாட்டன். மத்தியானம் வந்திடும்" என்பார்.

கப்பித்தானுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் அமித்தாய், பொறியியலாளர். இளையவள் நோகா, பள்ளிக்கூட ஆசிரியை. வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது இருவரும் வருவார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள், அப்பாவோடு சாப்பிடுவார்கள். சாப்பாட்டோடு சண்டையும் நடக்கும். அரசாங்கத்தைப் பற்றி, நீதிமன்றத்தைப் பற்றி, ஊர்வலத்தைப் பற்றி. "அவையள் கத்துறதைப் பாத்தா முதல்லை நான் பயந்திட்டன். பிறகு பாத்தா, கத்திக்கொண்டே ஒருத்தருக்கு ஒருத்தர் சாப்பாடு போடுகினம்!" என்று அக்கா சிரிப்பார்.

பிறகு அந்த ஒக்டோபர் வந்தது. காசா எல்லையில் நடந்த கொலைகளையும், கடத்திச் செல்லப்பட்டவர்களையும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதற்குப் பிறகு காசாவின் மேல் விழுந்த குண்டுகளையும் அறிவீர்கள். நான் அரசியல் பேச வரவில்லை. அந்த ஒரு வீட்டுக்குள் என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வந்தேன்.

முதல் கிழமை அந்தத் தெருவே ஒரே வீடாகிவிட்டதாம். வடக்கு எல்லையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் நோகாவின் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் பாயும் போர்வையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அமித்தாயைப் போர்க்காலத்தில் கூப்பிடும் சேமப்படைக்கு அழைத்தார்கள். தங்கை தமையனின் பையில் காலுறைகளை அடைத்தாள். அக்கா நாள் முழுக்க அடுப்படியில் நின்றார். "அந்தக் கிழமை ஒருத்தரும் ஒருத்தரோடையும் கோவமில்லை. எங்கட நாட்டிலையும் இடம்பெயரேக்கை இப்பிடித்தானே, கோவிச்சுக்கொண்டு கிடந்த ஆக்கள் ஒரே பானையிலை சமைச்சவை" என்று சொன்னார்.

அந்த ஒற்றுமை எவ்வளவு காலம் நின்றது? மழை விட்டதும் குடையை மடிப்பது போல, மெல்ல மெல்ல ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்துக்குத் திரும்பினார்கள்.

நோகாவோடு படிப்பிக்கும் ஒருத்தியின் தம்பி பணயக்கைதியாகப் போயிருந்தான். அதனால் நோகா ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் சதுக்கத்துக்குப் போய் நின்றாள். ஒப்பந்தம் செய்யுங்கள், சண்டையை நிறுத்துங்கள், எங்கள் ஆட்களை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்! அதுதான் அவளுடைய முழக்கம். அமித்தாயின் கூட்டாளியோ சண்டையில் அவர் பக்கத்திலேயே விழுந்து செத்திருந்தான். இப்போது நிறுத்தினால் அவன் எதற்காகச் செத்தான் என்பது அவருடைய கேள்வி.

ஒரு வெள்ளிக்கிழமை மேசையில் அது வெடித்தது.

"நீங்கள் சதுக்கத்திலை கத்துற ஒவ்வொரு சத்தமும் அங்கை அவங்களுக்குக் கேக்குது. விலையைக் கூட்டுறாங்கள்" என்றார் அமித்தாய்.

"உள்ளுக்கை இருக்கிற பொடியனுக்கும் கேக்கட்டும். தன்னை மறக்கேல்லை எண்டு அவனுக்குத் தெரியட்டும்" என்றாள் நோகா.

"என்ரை கூட்டாளியை நீ மறந்திட்டாய்!"

"அண்ணா, இன்னும் எத்தினை பேரைச் சாகக் குடுக்கப் போறாய்? அங்காலும் இஞ்சாலும் இன்னும் எத்தினை பேர்?"

அமித்தாய் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து நோகா வெள்ளிக்கிழமை வந்தாள், அவர் சனிக்கிழமை வந்தார். ஒருவர் வருவதற்குள் மற்றவர் போய்விட வேண்டும். அப்பாவின் மருந்தைப் பற்றிக்கூட அக்காவின் வாயால்தான் பேசிக்கொண்டார்கள். "அவனிட்டைச் சொல்லு, டொக்டர் நேரத்தை மாத்திப்போட்டார்" என்பாள் தங்கை. "அவளிட்டைச் சொல்லு, எனக்கு முதலே தெரியும்" என்பார் தமையன். எண்ணிப் பாருங்கள், உறவுகளே! ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே மொழி பேசும் இரண்டு பேர், பேசாலையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் உடைந்த எபிரேயத்துக்கு ஊடாகத்தான் பேசிக்கொண்டார்கள்!

யார் சரி, யார் பிழை? ரயிலில் நானும் கேட்டேன். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "நோகா சொல்லேக்கை நோகா சரி எண்டு இருக்கும். அமித்தாய் அழேக்கை ஒண்டும் சொல்லத் தெரியாது. அவன் அழுறது நோகாவுக்குத் தெரியாது" என்றார்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சமீரா என்று ஓர் அரபுப் பெண் இருந்தாள். அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவள், மருந்துக்கடையில் வேலை செய்பவள். அவளுடைய தாயின் தங்கை குடும்பம் காசாவில் இருந்தது. கப்பித்தானுக்கு மருந்து கொண்டுவந்து கொடுப்பவள் அவள்தான். கதவடியில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். எத்தனையோ வருட அயல், ஆனாலும் உள்ளே வந்து இருந்ததில்லை.

லெபனான் பக்கமிருந்து ராக்கெட்டுகள் வரத் தொடங்கிய காலம் அது. சைரன் ஊதினால் ஒரு நிமிடத்துக்குள் நிலவறைக்குப் போக வேண்டும். மின்தூக்கியில் ஏறக்கூடாது. மூன்று மாடிப் படி! முதல் முறை ஊதியபோது வீட்டில் அக்காவும் கப்பித்தானும் மட்டும். அக்கா அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. மாடி நடைபாதையில் சுவரோடு இருத்தி, தன் உடம்பால் அவரை மறைத்துக்கொண்டு செபம் சொன்னார். அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் கீழே ஓடும்போது சமீரா மட்டும் மேலே ஓடி வந்தாள்! கைபிடி வைத்த ஒரு மரக்கதிரையை இழுத்து, கப்பித்தானை அதில் இருத்தி, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். பாதிப் படியில் வெடிச்சத்தம் கேட்டது. கட்டடம் ஒரு தரம் மூச்சு விட்டது போல இருந்ததாம்.

அன்று அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் தொலைபேசி எடுத்தார். இருவருக்கும் ஒரே சொல். "உங்கட அப்பாவை என்னாலை தனியத் தூக்கேலாது. இனி நான் ஒருத்தற்றை கதையையும் ஒருத்தருக்குக் கொண்டுபோகமாட்டன். வந்து தூக்குங்கோ."

வந்தார்கள். கோபத்தோடுதான் வந்தார்கள்!

அடுத்த வெள்ளிக்கிழமை, வானம் செம்மஞ்சள் நிறத்தில் கிடந்த நேரம், சைரன் ஊதியது. விடுமுறையில் வந்திருந்த அமித்தாய் கதிரையின் முன் காலைப் பிடித்தார். நோகா மற்ற முன் காலைப் பிடித்தாள். பின்னால் அக்காவும், மூச்சிரைக்க ஏறி வந்த சமீராவும். காசாவில் சண்டை பிடித்துவிட்டு வந்தவரும், காசாவில் சின்னம்மாவை வைத்துக்கொண்டு தவிக்கிறவளும், சண்டையை நிறுத்தச் சொல்லிச் சதுக்கத்தில் நிற்கிறவளும், முள்ளிவாய்க்கால் வரை எங்கள் சண்டையைப் பார்த்தவரும் ஒரே கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் கப்பித்தான், துறைமுகத்துக்குள் வரும் கப்பலைப் போல மெல்ல அசைந்து அசைந்து போனார். "அவர் சிரிச்சுக்கொண்டு போனார் இந்திரா. பிள்ளையள் ரண்டு பேரும் தன்னைத் தூக்கினமெண்ட சந்தோசம் அவருக்கு."

நிலவறையில் என்ன நடந்தது? மேல் மாடிக்காரர் ஒருவர், பணயக்கைதிகளுக்காக நோகா சட்டையில் குத்தியிருந்த மஞ்சள் நாடாவைப் பார்த்தார். "உங்களைப் போல ஆக்களாலைதான் நாங்கள் இந்தக் குழிக்குள்ளை இருக்கிறம்" என்று கத்தினார். அமித்தாய்க்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தானே? ஆனால் அவர் எழுந்து அந்த மனிதருக்கும் தங்கைக்கும் நடுவில் நின்றார்.

"அவள் என்ரை தங்கச்சி. அவளோடை சண்டை பிடிக்கிற உரிமை எனக்குத்தான் இருக்கு, உமக்கில்லை."

அந்த மனிதரின் கோபம் திரும்பி, மூலையில் நின்று தொலைபேசியில் அரபியில் பேசிக்கொண்டிருந்த சமீராவின் மேல் விழுந்தது. "இஞ்சை அந்தப் பாஷை வேண்டாம்." சமீரா தொலைபேசியை மெல்ல இறக்கினாள். அவளுக்காக நடுவில் வந்து நிற்க அந்த அறையில் ஒருவரும் இல்லை. அமித்தாய் இல்லை. நோகாவும் அந்தக் கணத்தில் இல்லை. அப்போதுதான் நம் மக்டலீன் அக்கா, அறை முழுக்கக் கேட்கும்படி, தன் உடைந்த எபிரேயத்தில் கேட்டார்:

"சமீரா, உங்கட சின்னம்மா லைனிலை கிடைச்சாவோ?"

"இல்லை. இப்பவும் கிடைக்கேல்லை" என்றாள் சமீரா.

அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பதில். அந்தக் கட்டடத்தில் இத்தனை மாதத்தில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது! மேல் மாடிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நோகா எழுந்து போய்ச் சமீராவின் பக்கத்தில் இருந்தாள். அமித்தாய் குனிந்தபடி இருந்தார். ஆபத்து நீங்கியது என்று அறிவித்ததும், சொல் வராத கப்பித்தான் மெல்ல வாய் திறந்தார். "எல்லாரும் மேலை வாங்கோ. தேத்தண்ணி."

அன்றுதான் சமீரா முதன்முதலாக அந்த வீட்டுக்குள் இருந்து தேநீர் குடித்தாள். சின்னம்மாவின் வீடு எந்த இடம் என்று அமித்தாய் கேட்டார். அவள் சொன்னாள். அவருக்கு அந்தத் தெரு தெரியும். எழுந்து பல்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலில் விளக்குகள் தெரியத் தொடங்கியிருந்தன. அக்கா ஒரு கோப்பையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அது ஆறிப்போய்க் கிடந்ததாம்.

யாரும் மனம் மாறவில்லை, உறவுகளே! இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நோகா அடுத்த நாளும் சதுக்கத்துக்குப் போனாள். அமித்தாய் அடுத்த கிழமையும் படைக்குப் போனார். சமீராவின் கதவில் யாரோ கெட்ட வார்த்தை எழுதினார்கள், நோகாவும் அக்காவும் அதைத் தேய்த்துக் கழுவினார்கள். ஆனால் சைரன் ஊதிய ஒவ்வொரு முறையும் கப்பித்தான் பத்திரமாகக் கீழே போனார். ஒருமுறை அந்த மேல் மாடிக்காரரே, யாரும் கேட்காமல், ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

அந்த மாரியில், சண்டை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், பல்கனியில் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தபடியே கப்பித்தான் கண்ணை மூடினார். ஏழு நாள் துக்கம் காத்தபோது அண்ணனும் தங்கையும் அருகருகே இருந்தார்கள். அக்காவையும் பக்கத்தில் இருத்தினார்கள். கதை இத்தோடு நன்றாக முடிந்திருக்கலாம். முடியவில்லையே! வசந்தத்தில் காசாவில் மறுபடி சண்டை தொடங்கியது. அமித்தாயை மறுபடி அழைத்தார்கள். "போகாதை அண்ணா. போனால் நான் உன்னோடை கதைக்கமாட்டன்" என்றாள் நோகா. அவர் போனார். அவள் கதைக்கவில்லை. அந்த நாட்களில்தான் அக்கா எமிலியாவிடம் வந்தார். விமான நிலையத்துக்குக் கூட்டிவந்து விட்டது சமீரா.

இங்கே வந்த அக்காவுக்கு நாம் என்ன கொடுத்தோம்? இரண்டு ஒன்றுகூடல்களைக் கொடுத்தோம்! மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் முதியோர் ஒன்றுகூடல், வெஸ்ட்லியில் தங்கராசா அண்ணரின் ஒன்றுகூடல். ஒரு நினைவுநாளை எப்படி நடத்துவது என்ற பிணக்கில் முன்னொரு காலத்தில் பிரிந்தவர்கள் நாம். இதில் இருப்பவர் அதற்குப் போகமாட்டார். அக்கா இரண்டுக்கும் போனார். "இது எங்கட, அது அவையின்ரை" என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தபோது, "நல்லது, ரண்டு இடத்திலையும் சாப்பிடலாம்" என்றார்.

தங்கராசா அண்ணர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். மட்டக்களப்புக்காரர். மகள் தக்சிலாவோடு பாலஸ்தீனத்துக்கான சனிக்கிழமை ஊர்வலங்களில் தவறாமல் நடப்பவர். அவர் எல்லோர் முன்னாலும் அக்காவிடம் கேட்டார். இதைச் சொல்ல எனக்கு அனுமதியும் தந்திருக்கிறார்.

"அக்கா, காசாவிலை பிள்ளையள் சாகேக்கை, நீங்கள் எப்பிடி அங்கை அவங்களுக்கு வேலை செய்தனீங்கள்?"

அக்கா கோபிக்கவில்லை. "தம்பி, நான் கப்பித்தானுக்குச் சோறு தீத்தினனான். குண்டு போட்ட ஆக்களுக்கு நான் ஞாயம் சொல்ல வரேல்லை. சமீராவின்ரை சின்னம்மாவும் பேரப்பிள்ளையளும் இப்ப இல்லை, தெரியுமோ? போன மாசம்தான். ஃபோனிலை சமீரா அழ நானும் அழுதனான்."

"அப்ப ரண்டும் ஒண்டோ? அமித்தாய்க்கும் அழுவியள், அந்தப் பிள்ளையளுக்கும் அழுவியளோ?"

"ரண்டும் ஒண்டில்லை எண்டு எனக்கும் தெரியும் தம்பி. அழேக்கை நான் நிறுத்துப் பாக்கிறேல்லை."

தங்கராசா அண்ணருக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்றும் போதவில்லை என்று சற்று முன்னர் என்னிடம் சொன்னார். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஊர்வலத்தில் தன் பக்கத்தில் ஒருவர் நடப்பதைப் பார்த்தார். கையில் பதாகை இல்லை, குளிர்த்தொப்பிக்கு மேல் முக்காடு. மக்டலீன் அக்கா! சமீராவின் சின்னம்மாவுக்காக வந்தேன் என்றாராம். அன்று மாலையே அமித்தாய்க்குத் தொலைபேசி எடுத்துச் சாப்பிட்டாயா என்றும் கேட்டார். அதையும் தங்கராசா அண்ணருக்கு மறைக்கவில்லை.

ஜூன் மாதம் ஈரானோடு சண்டை மூண்டு, ஹைஃபாவில் ஏவுகணைகள் விழுந்தபோது நான் அக்காவோடு இருந்தேன். நம் கோடை மாலைகளை நீங்கள் அறிவீர்கள். பொழுது போவதே இல்லை, மரங்கள் எல்லாம் வெளிச்சத்தில் ஊறிப்போய் நிற்கும். அந்த அமைதிக்குள் தொலைபேசி அடித்தது. நோகா. நிலவறையிலிருந்து. "அண்ணை உங்களோடை கதைச்சவரோ? உயிரோடை இருக்கிறாரோ?" அதை வைத்ததும் மறுபடி அடித்தது. அமித்தாய். "தங்கச்சி எப்பிடி? அவளின்ரை பக்கம் விழுந்ததாம்!" அக்கா இருவரையும் ஒரே அழைப்பில் இணைத்தார், தொலைபேசியை மேசையில் வைத்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு பல்கனிக்கு வந்து கதவைச் சாத்தினார்.  கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் அழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைக்கும் சத்தம். அக்கா வெளிச்சத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "சண்டை பிடிக்கினம். இனிப் பயமில்லை."

ஒக்டோபரில் பணயக்கைதிகள் வந்தார்கள். நோகாவின் தோழியின் தம்பியும் எலும்பும் தோலுமாக வந்தான். அன்று சதுக்கத்தில் தங்கையின் பக்கத்தில் அமித்தாய் நின்றார். அக்காவுக்குக் காணொளியில் காட்டினார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "சமீரா எங்கை?" சமீரா வரவில்லை. அவளுடைய ஆட்கள் திரும்பி வரமாட்டார்களே! அத்தனை மகிழ்ச்சிக்கு நடுவிலும் கீழ்த்தளத்தில் ஒரு யன்னல் பூட்டிக்கிடந்தது. அன்று மாலை அண்ணனும் தங்கையும் அந்தக் கதவைத் தட்டினார்கள். திறக்க நேரமாயிற்றாம். திறந்தாளாம். அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று அக்காவும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

அன்பர்களே! இந்த மண்டபத்தின் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். நேற்று வந்த விமானத்தில் ஹைஃபாவிலிருந்து இருவர் வந்து இறங்கினார்கள். நோகா அவர்களே, அமித்தாய் அவர்களே, உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்ட எங்கள் அக்காவுக்காக நீங்கள் இவ்வளவு தூரம் வந்தீர்கள். எமிலியா பக்கத்தில் இருந்து என் பேச்சை உங்களுக்கு ஆங்கிலத்தில் மெல்ல மொழிபெயர்க்கிறாள் என்று தெரியும். விமானம் முழுக்க அடுத்த தேர்தலைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டே வந்தீர்களாம், பணிப்பெண் வந்து அமைதியாக இருக்கச் சொன்னாராம். உங்களுக்கு என் வணக்கம்! சமீரா வேலையை விட்டு வர முடியாமல் தன் குரலை மட்டும் அனுப்பியிருக்கிறாள். எமிலியா அதைத் தன்னோடு வைத்துக்கொள்வாள். அது அவளுக்கு மட்டும் உரியது.

உறவுகளே, இன்று இந்த மண்டபத்தில் மோர்டென்ஸ்ருட் ஒன்றுகூடலும் வெஸ்ட்லி ஒன்றுகூடலும் ஒன்றாக இருக்கின்றன. நான் நோர்வேக்கு வந்த பிறகு இதை ஒரு நாளும் கண்டதில்லை. நாளை நாம் பழையபடி பிரிந்து போகலாம். நம் பிணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அந்த நினைவுநாளைப் பற்றி எனக்கும் தங்கராசா அண்ணருக்கும் இன்றும் ஒரே கருத்து இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வெஸ்ட்லியில் உயர்ந்த கட்டடம் ஒன்றில் இந்திரகுமார் என்று ஒருவர் இருக்கிறார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நாம் பிரிந்தபோது இரண்டு பக்கத்தையும் வெறுத்து ஒதுங்கிப்போனவர். பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. தமிழர் யார் மணி அடித்தாலும் திறக்கமாட்டார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அக்கா அங்கே போய், திறக்கும்வரை வாசலில் இருந்தார். ஒரு நாள் திறந்தது. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் கஞ்சி குடிக்க ஒருவர் இருந்தார். போன வியாழக்கிழமை அவர் காத்திருந்திருப்பார். யாரும் போகவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

எனவே, மக்டலீன் அக்கா, உங்கள் முன்னால் நின்று உறுதி சொல்கிறேன். இந்த வியாழக்கிழமை நானும் தங்கராசா அண்ணரும் போகிறோம். அவர் தலையை ஆட்டுகிறார், பாருங்கள்! ரயிலில்தான் போவோம். வழி முழுக்க வாக்குவாதப்படுவோம் என்றுதான் நினைக்கிறேன். கஞ்சி அவர் மனைவி காய்ச்சுவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வியாழன் வேறு இருவர், இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர். திறக்காவிட்டால் வாசலில் இருப்போம். உள்ளேயிருந்து யார் என்று கேட்டால், எந்த ஒன்றுகூடல் என்று சொல்லமாட்டோம்.

"மக்டலீன் அக்கா செத்துப்போனா, இந்திரகுமார் அண்ணை. அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள். திறவுங்கோ" என்போம்.